மேய்ச்சல் நிலம் போனால் மேய்ப்பர் குடிசை நிற்குமா? நீலகிரி மந்து முதல் சிலாங்கூர் மாட்டுக் கொட்டகை வரை

2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. மங்கோலியாவின் முயற்சியில் உருவான இந்தத் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை 2022-இல் ஏற்றுக்கொண்டது. உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய பாதி ஏதோ ஒரு வகை மேய்ச்சல் நிலம்தான். ஆனால் செய்திகளில் அது வருவதே அபூர்வம்.

சுங்கை பூலோவில் எம்ஆர்டி பிடித்து வேலைக்கோ கல்லூரிக்கோ ஓடுகிற நமக்கும் ஆடு மாடு மேய்ப்பதற்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. இரண்டு தலைமுறை பின்னால் போனால் சம்பந்தம் இருக்கு. இந்தக் கட்டுரை ஒரு சின்னக் கட்டடத்தைப் பற்றியது: மேய்ப்பர்கள் தங்குவதற்கும் பால் கறந்து வைப்பதற்கும் கட்டிக்கொள்கிற குடிசை. அது எப்படி உருவாகிறது, ஏன் அழிகிறது, அதைக் காப்பாற்ற முடியுமா என்று பார்க்கலாம்.

மேய்ப்பர் குடிசைக்குத் தமிழில் என்ன பெயர்?

ஒரே பெயர் கிடையாது. வேலைக்கு ஏற்ப பெயர் மாறும்.

ஆடுகளை இரவில் வயலில் அடைத்து வைத்தால் அது கிடை. அறுவடை முடிந்த நிலத்தில் கிடை போடுவார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம் ஆகும். அதற்காக நிலத்துக்காரர் நெல்லோ பணமோ கொடுப்பார். சில நாட்களில் கிடை அடுத்த வயலுக்கு நகர்ந்துவிடும். கி. ராஜநாராயணன் 'கிடை' என்ற பெயரிலேயே ஒரு குறுநாவல் எழுதியிருக்கிறார்.

வேலி போட்டு மந்தையை அடைக்கும் இடம் பட்டி. கொங்கு நாட்டில் மாட்டுப் பொங்கலையே பட்டிப் பொங்கல் என்பார்கள். வீட்டை ஒட்டி மாடு கட்டுவது தொழுவம் அல்லது கொட்டகை.

இன்னொரு சொல்லும் இருக்கிறது: மந்து. நீலகிரி மலையில் தோடர் மக்கள் வாழும் சிற்றூருக்கு இந்தப் பெயர். இதே வேரில் இருந்து வந்தவைதான் தமிழின் மந்தையும் மன்றும் என்கிறது திராவிட மொழிகளின் சொல்லாராய்ச்சி. 'மன்று' என்பதற்குப் பழைய தமிழில் மாட்டுத் தொழுவம், பசுக்கூட்டம் என்ற பொருளும் உண்டு. நாம் மணிமன்றம் என்கிறோம், நீதிமன்றம் என்கிறோம். மக்கள் கூடும் இடத்துக்கும் மாடுகள் கூடும் இடத்துக்கும் ஒரே சொல் இருந்த காலம் அது.

தோடர்கள் யார்?

தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில், கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டு நிலத்தில் வாழும் பழங்குடி மக்கள். மொத்தமே ஏறக்குறைய 2,000 பேர்தான். தமிழ்நாட்டில் மிகவும் பலவீனமான நிலையில் உள்ளவை என்று அரசு வகைப்படுத்திய ஆறு பழங்குடிகளில் தோடரும் ஒன்று. அவர்கள் பேசுவது தோடா மொழி; தமிழோடு உறவுள்ள தனித் திராவிட மொழி.

அவர்களின் வாழ்க்கை எருமையைச் சுற்றியது. தோடா எருமை தனி இனமாகவே அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. தோடர்கள் பாரம்பரியமாகச் சைவ உணவு உண்பவர்கள். எருமையை இறைச்சிக்காக வளர்ப்பதில்லை. பால், மோர், வெண்ணெய், நெய் இவைதான் செல்வம். அந்தக் காலத்தில் நெய்யைக் கொடுத்து, பக்கத்தில் வாழும் படகர்களிடம் தானியமும் கோத்தர்களிடம் மண்பாண்டமும் இரும்புச் சாமான்களும் வாங்கிக்கொண்டார்கள்.

ஊட்டி என்ற உதகமண்டலத்தின் பெயர்கூட 'ஒத்தைக்கல் மந்து' என்ற தோடர் ஊர்ப் பெயரில் இருந்து வந்தது என்று சொல்வதுண்டு.

அந்தக் குடிசை எப்படி இருக்கும்?

ஒரு பீப்பாயை நீளவாக்கில் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்தது மாதிரி கற்பனை பண்ணிக்கோங்க. சுவரும் கூரையும் தனித்தனியாக இல்லை. தரையில் இருந்து எழும் வளைவே இரண்டு பக்கச் சுவராகவும் கூரையாகவும் இருக்கும். முன்னும் பின்னும் மட்டும் நேர்ச்சுவர். பலகையிலோ கல்லிலோ அமைப்பார்கள்.

வழக்கமான குடிசை சுமார் 3 மீட்டர் உயரம், 5.5 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலம். மூங்கிலை வளைத்து, பிரம்பால் இறுக்கிக் கட்டி, மேலே அடர்த்தியாகப் புல் வேய்வார்கள். நாம் ரோத்தான் என்கிறோமே, அதே பிரம்புதான். ஆணியே தேவையில்லை. குடிசைகளைச் சுற்றி, சாந்து பூசாமல் அடுக்கிய கல் மதில் இருக்கும்.

வாசல்தான் பார்ப்பவரை ஆச்சரியப்படுத்தும். உயரமும் அகலமும் ஒரு மீட்டருக்கும் குறைவு. பெரியவர்கள் தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். காரணம் எளிது. நீலகிரியில் குளிர்காலத்தில் உறைபனி விழும். சின்ன வாசல் குளிரை வெளியே நிறுத்தும், காட்டு விலங்கையும் தடுக்கும். உள்ளே உயர்த்திய மண் திண்ணையில் படுக்கை, பக்கத்திலேயே அடுப்பு. அடுப்புச் சூடு வளைந்த கூரைக்குள் தங்கிவிடும்.

பால் கூடமே கோயிலா?

ஆமாம். தோடர் ஊரின் முக்கியமான கட்டடம் வீடு அல்ல, பால் கூடம்தான். புனிதமான எருமைகளின் பாலைக் கறந்து, கடைந்து, வெண்ணெய் எடுக்கும் இடம் அது. அதுவே வழிபாட்டு இடமும்கூட. அங்கே பால் வேலை செய்பவரே பூசாரி. அந்தப் பொறுப்பில் இருக்கும் காலம் முழுக்க அவர் கடுமையான கட்டுப்பாடுகளைப் பின்பற்ற வேண்டும்.

பிரிட்டிஷ் மானுடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1902-இல் நீலகிரிக்கு வந்து இதையெல்லாம் விரிவாகப் பதிவு செய்தார். அவருடைய 'தி தோடாஸ்' நூல் 1906-இல் வெளியானது. எந்தப் பால் கூடத்துக்கு எந்த எருமை, எந்தப் பாத்திரம், எந்தச் சடங்கு என்று அதில் பக்கம் பக்கமாக இருக்கிறது.

பெரும்பாலான பால் கூடங்கள் வீட்டைப் போலவே பீப்பாய் வடிவம். சில மட்டும் கூம்பு வடிவில் உயர்ந்து நிற்கும். ஊட்டியில் முத்தநாடு மந்தில் உள்ள மூன்போ கோயில் அப்படிப்பட்டது. ஆண்டுதோறும் மொற்பர்த் விழாவில் தோடர் ஆண்கள் அங்கே கூடி, ஆடிப் பாடி, வட்டமான கனமான கல்லைத் தூக்கித் தோள்பலம் காட்டுவார்கள். டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ ஊட்டிச் செய்திகளில் இதைப் பார்க்கலாம்.

இதில் எல்லாமே அழகு என்று சொல்லிவிட முடியாது. பெண்கள் பால் கூடத்துக்குள் போகக் கூடாது என்பது வழக்கம். ஆனால் இன்று வெளியுலகம் தோடர்களை அதிகம் அறிவது பெண்களின் கைவேலையால்தான். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக அவர்கள் போடும் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

புல் எங்கே போனது?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. பால் கூடத்தின் கூரை புல். ஆனால் ஏதோ ஒரு புல் கிடையாது. நீலகிரியின் சதுப்பு நிலங்களில் வளரும் ஒரு நீளமான புல்லைத்தான் இதற்குத் தேடிப் போவார்கள். எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்பது அதன் தாவரவியல் பெயர். கூரை நிரந்தரம் அல்ல; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊரே கூடிப் புதிதாக வேய வேண்டும். சதுப்பு நிலம் வற்றினால் அந்தப் புல் இல்லை. புல் இல்லாவிட்டால் கூரைக்கு எதைப் போடுவது?

நீலகிரியின் உயர்ந்த பகுதி இயற்கையிலேயே புல்வெளியும் சோலைக்காடும் கலந்தது. பள்ளங்களில் அடர்ந்த குட்டைக் காடு, மேடுகளில் பரந்த புல்வெளி. 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். அடுத்த சில ஆண்டுகளில் ஊட்டி ஒரு வெள்ளைக்காரர் ஊராக மாறத் தொடங்கியது. பிரிட்டிஷ் அதிகாரிகளின் கண்ணுக்குப் புல்வெளி வெறும் தரிசு. மரம் இல்லாத இடம் என்றால் மரம் நட வேண்டிய இடம் என்றே நினைத்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் இருந்து சீகை மரமும் யூகலிப்டஸும் வந்தன. தேயிலை பரவியது. சுதந்திரத்துக்குப் பிறகும் இது நிற்கவில்லை. தோல் பதனிடவும் செயற்கை இழை தயாரிக்கவும் மரம் வேண்டும் என்று வனத்துறையே புல்வெளிகளில் நட்டது. அந்த மரங்கள் வேலி தாண்டித் தானாகவே பரவின. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்புல்வெளியில் ஏறக்குறைய கால் பங்கு 1970-களுக்குப் பிறகு மட்டும் காணாமல் போயிருக்கிறது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு சொல்கிறது.

இதன் விளைவைப் படிப்படியாகப் பாருங்க. புல்வெளி சுருங்கியது. எருமைக்கு மேய்ச்சல் குறைந்தது. எருமை குறைந்தது, இன்று தோடா எருமைகள் சில ஆயிரம்தான். எருமை குறைந்தால் பால் கூடத்தில் வேலை இல்லை. வேலை இல்லாத பால் கூடத்துக்குப் பூசாரி கிடைப்பதில்லை. சிறுத்தை, புலி தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. பல குடும்பங்கள் உருளைக்கிழங்கு, கேரட் விவசாயத்துக்கு மாறிவிட்டன. பெரும்பாலோர் இப்போது கான்கிரீட் வீட்டில் வாழ்கிறார்கள். அதில் தப்பே இல்லை; யாரும் சுற்றுலாப் பயணிக்காகத் தவழ்ந்து வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. கேள்வி வேறு: பால் கூடமும் அதைச் சுற்றிய அறிவும் என்ன ஆகும்?

சட்டம் காப்பாற்றுமா?

2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. நீலகிரியின் முக்குருத்தி தேசியப் பூங்காவும் அதில் உண்டு. ஆனால் அது இயற்கைக்கான அங்கீகாரம். வரையாடும் சோலையும் அதில் வரும், மேய்ச்சல் வராது. தோடர்கள் வறண்ட மாதங்களில் எருமைகளை ஓட்டிக்கொண்டு மேற்குப் பக்கப் புல்வெளிகளுக்குப் போய்த் தங்குவது பழைய வழக்கம். காடு பாதுகாக்கப்பட்ட பகுதியாக மாறும்போது அந்த வழி அடைபடுகிறது.

இந்தியாவின் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டை நம்பி வாழும் மக்களுக்கு மேய்ச்சல் உரிமையும் உண்டு என்கிறது. பருவத்துக்கு ஏற்ப இடம் மாறும் மேய்ப்பர்களையும் அது குறிப்பிடுகிறது. இன்னொரு பக்கம், 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டு வனங்களில் கால்நடை மேய்க்கத் தடை விதித்தது. பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று மாற்றியது.

காட்டு விலங்குகளுக்குக் கால்நடை நோய் பரவும், புல் போட்டி வரும் என்பது ஒரு தரப்பு. நூற்றாண்டுகளாக மேய்ந்த நிலத்தில் மேய்ச்சலை நிறுத்தினால் களையும் அந்நிய மரமும்தான் பரவும் என்பது இன்னொரு தரப்பு. இரண்டிலும் நியாயம் உண்டு. இடத்துக்கு இடம் பதில் மாறும். ஆனால் முடிவெடுக்கும் மேசையில் மேய்ப்பர்களுக்கு நாற்காலி இருப்பது அரிது.

ஐரோப்பாவில் எப்படி?

ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள பாஸ்க் மலைகளில் இதே கதை வேறு மாதிரி நடந்திருக்கிறது. அங்கே கோடையில் ஆடுகளை மலை மேலே ஓட்டிப் போவார்கள், குளிருக்கு முன்பு இறங்குவார்கள். மேலே தங்குவதற்குக் கல்லால் கட்டிய சின்னக் குடிசைக்குப் பாஸ்க் மொழியில் சபோலா என்று பெயர். லாச்சா என்ற ஆட்டினத்தின் பாலைக் கறந்து பாலாடைக்கட்டி செய்வார்கள். இதியாசபல் என்ற அந்தக் கட்டிக்கு 1987-இல் இருந்து ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு இருக்கிறது. குறிப்பிட்ட பகுதியின் குறிப்பிட்ட ஆட்டுப்பாலில் செய்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம்.

அரலார் போன்ற மலைகளில் மேய்ச்சல் நிலம் தனியாருக்குச் சொந்தம் இல்லை; ஊர்களுக்குப் பொது. நிலம் பொதுவாக இருந்ததால் மேய்ச்சல் தொடர்ந்தது. மேய்ச்சல் தொடர்ந்ததால் குடிசைக்கும் வேலை இருந்தது. பாலாடைக்கட்டிக்கு நல்ல விலை கிடைத்ததால் அடுத்த தலைமுறையில் சிலராவது அங்கேயே நின்றார்கள். அங்கும் இளைஞர் குறைவு, ஓநாய் பயம், கூலிப் பிரச்சினை எல்லாம் இருக்கு. ஆனாலும் அந்தக் குடிசைகள் எல்லாமே காட்சிப்பொருளாகிவிடவில்லை.

2023-இல் ஸ்பெயின், பிரான்ஸ் உட்பட பத்து ஐரோப்பிய நாடுகளின் 'பருவ இடப்பெயர்ச்சி மேய்ச்சல்' யுனெஸ்கோவின் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே அங்கீகாரம் கிடைத்தது கட்டடத்துக்கு அல்ல. மந்தையை ஓட்டிப் போகும் அந்தப் பழக்கத்துக்கு.

பாஸ்க் மக்களிலும் புலம்பெயர்ந்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் நெவாடா, ஐடஹோ மாநிலங்களுக்கு ஆடு மேய்க்கப் போனவர்கள், தனிமையில் மரப்பட்டைகளில் தங்கள் பெயரையும் படங்களையும் செதுக்கி வைத்தார்கள். இன்று ஆய்வாளர்கள் மரம் மரமாகத் தேடி அவற்றைப் பதிவு செய்கிறார்கள்.

சிலாங்கூரில் நம்ம கொட்டகை

தமிழர்களும் கடல் கடந்தார்கள். மாடும் கூடவே வந்தது. மலேசியக் கால்நடைத் துறையினர் எல்ஐடி என்று குறிப்பிடும் ஒரு மாட்டு வகை உண்டு. விரித்தால் 'லோக்கல் இந்தியன் டெய்ரி'. இந்தியத் தொழிலாளர்கள் குடியேறிய காலத்தில் கொண்டுவரப்பட்ட மாடுகளின் வழிவந்தது. இந்த நாட்டின் பூர்வீக மாடான கெடா-கிளந்தான் இனம் வேறு.

ரப்பர் தோட்டத்தில் இரண்டு பால் இருந்தது. விடியற்காலையில் மரத்தில் வெட்டிய பால் கம்பெனிக்கு. மாட்டில் கறந்த பால் வீட்டுக்கு, மிஞ்சியது விற்பனைக்கு. லயத்துக்குப் பின்னால் பலகை அடித்து, அத்தாப்போ தகரமோ போட்ட கொட்டகை. மரம் வெட்டி முடித்த பிற்பகலில் ரப்பர் மரத்தடிப் புல்லில் மாடு மேயும். சாயங்காலம் கொசுவுக்கு மூட்டம் போடுவார்கள். பால் காசு கைச்செலவுக்கு. கல்யாணம், பள்ளிச் செலவு, ஆஸ்பத்திரி என்று வந்தால் ஒரு மாட்டை விற்பார்கள். பேங்க் இல்லாத இடத்தில் மாடுதான் சேமிப்பு.

ஆனால் ஒன்று கவனிங்க. மாடு தொழிலாளியுடையது, நிலம் கம்பெனியுடையது. மேய்க்க அனுமதி இருந்தது, உரிமை இல்லை. அதனால்தான் தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, லயத்தோடு கொட்டகையும் போனது. குடும்பத்துக்கு மாற்று வீடோ அடுக்குமாடி வீடோ கிடைத்திருக்கலாம். ஐந்தாவது மாடிக்கு மாட்டை ஏற்ற முடியுமா? விற்றுவிட்டுத்தான் வந்தார்கள்.

சுங்கை பூலோவைச் சுற்றிப் பார்த்தாலே இந்த மாற்றம் தெரியும். குவாசா டாமன்சாரா என்று நீங்கள் எம்ஆர்டி வரைபடத்தில் பார்ப்பது முன்பு ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் நிலமாக இருந்தது. சுமார் 2,330 ஏக்கர். சிட்டி ஆஃப் எல்மினா என்ற புதுநகரின் பெயரில் எல்மினா தோட்டத்தின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிள்ளான், கோல லங்காட், கோல சிலாங்கூர் பக்கம் இன்றும் மாடு வளர்க்கும் தமிழர்கள் இருக்கிறார்கள். பலருக்கும் அதே பிரச்சினைதான்: மேய்க்கச் சொந்த இடம் இல்லை. சாலையில் மாடு நின்றால் புகார் வருகிறது. ஒரு காலத்தில் அது எங்கே மேய்ந்தது என்று யாரும் கேட்பதில்லை.

தோடர் பால் கூடத்தை வரைந்த படமும் அளவும் ரிவர்ஸ் காலத்தில் இருந்து இருக்கிறது. பாஸ்க் மேய்ப்பர் கிறுக்கிய மரத்துக்குக்கூடப் பதிவு இருக்கிறது. நம்ம தோட்டத்துக் கொட்டகைக்கு? பெரும்பாலும் குடும்ப ஆல்பத்தில், யாரோ ஒருவர் பின்னால் மங்கலாகத் தெரியும் ஒரு தகரக் கூரை. அவ்வளவுதான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஊட்டிக்குப் போனால், தாவரவியல் பூங்காவுக்கு மேலே உள்ள தோடர் மந்தை எட்டிப் பார்க்கலாம். அது மக்கள் வாழும் இடம் என்பதை மறக்காதீங்க. கேட்காமல் படம் எடுக்க வேண்டாம், பால் கூடத்தின் பக்கம் போக வேண்டாம். பூத்தையல் வாங்கினால் தோடர் பெண்களிடமோ அவர்களின் கூட்டமைப்புகளிடமோ வாங்குங்க.

இங்கே செய்ய வேண்டியது இன்னும் சுலபம். தோட்டத்தில் வளர்ந்த தாத்தா, பாட்டி, பெரியப்பா யாராவது இருந்தால், கைப்பேசியில் பதிவு பொத்தானை அழுத்திவிட்டு இதையெல்லாம் கேளுங்க:

உங்கள் தோட்டத்தின் பெயர் என்ன, இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கு?

எத்தனை மாடு, ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர்?

கொட்டகையை யார் கட்டியது, எந்த மரம், என்ன கூரை?

மாட்டை எங்கே மேய்த்தீங்க, யாரிடம் அனுமதி கேட்டீங்க?

பால் யாருக்குப் போச்சு, ஒரு போத்தல் என்ன விலை?

கடைசி மாட்டை எப்போது, யாருக்கு விற்றீங்க?

முடிந்தால் கொட்டகை எந்தப் பக்கம் பார்த்து நின்றது, லயத்தில் இருந்து எத்தனை அடி என்று ஒரு தாளில் வரையச் சொல்லுங்க. தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் அந்தத் தாளிலேயே எழுதி வைங்க. மாடு கட்டிய கையோடு இன்னும் நம்மிடையே இருப்பவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அடுத்த மாட்டுப் பொங்கலுக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு போன் போடுங்க.